இயற்கையின் கணக்கைத் தணிக்கை செய்தவர்

மேச்சேரி என்றதும் பலருக்குப் பத்ரகாளியம்மன் கோயில் நினைவுக்கு வரும். கால்நடை வளர்ப்போருக்கோ மேச்சேரி ஆடு நினைவுக்கு வரும். இளம்பழுப்பு நிறமும் கொம்பில்லாத தலையும் கொண்ட இந்தச் செம்மறி இனம் வறட்சியைத் தாங்கக் கூடியது. தோலின் தரத்துக்குப் பெயர் பெற்றது. இவ்வினத்தைப் பேணுவதற்கென்றே அருகிலுள்ள பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. என் இளமையில் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு காணப்பட்ட ஆட்டுப்பட்டிகள் இன்று அருகிவிட்டன. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஜே.சி. குமரப்பா நினைவுக்கு வருகிறார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். அத்தனை ஆண்டுகளில் குமரப்பாவுக்காக முழுமையாக ஒரு வகுப்பையேனும் ஒதுக்கியதில்லை. காந்தியப் பொருளாதாரம் என்ற தலைப்பில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போகும். ஓய்வு பெற்ற பிறகு அவரைப் படித்தபோதுதான், நான் கற்பித்த பாடத்தில் எவ்வளவு பெரிய பகுதி விடுபட்டிருந்தது என்பது புரிந்தது.

குமரப்பா 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்காயம் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். 1927-இல் அமெரிக்கா சென்று சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியலும் பயின்றார். அங்கு செலிக்மன் என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் அவர் மேற்கொண்ட ஆய்வு, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேய அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. மேல்நாட்டு உடையும் வசதியான வாழ்வுமாக இருந்தவரைத் தேசியவாதியாக்கியது, அவரே சரிபார்த்த அரசுக் கணக்குகள்தாம்.

1929 மே மாதத்தில் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். பட்டு உடையில் சென்றவர், சாணம் மெழுகிய தரையில் மரத்தடியில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவர்தாம் காந்தி என்பதை அறிந்து, உடையைப் பொருட்படுத்தாமல் தாமும் தரையில் அமர்ந்தார். அவரது ஆய்வைத் தம் இதழில் வெளியிட ஒப்புக்கொண்ட காந்தி, குஜராத் கிராமங்களை ஆராயும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார். கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தில், குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று குடும்பங்களின் வரவு செலவைப் பதிவு செய்தார். கார்னீலியஸ் என்ற பெயரைத் துறந்து குமரப்பா ஆனதும் அக்காலத்தில்தான்.

கணக்கில் அவர் எவருக்கும் சலுகை காட்டியதில்லை. 1934-இல் பிகார் நிலநடுக்க நிவாரண நிதியை நிர்வகித்தபோது, தொண்டர்களுக்கு விதித்த செலவு வரம்பைக் காந்தியின் குழுவினருக்கும் விதித்தார். அதே ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளரானார். வார்தாவின் மகன்வாடியில் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் ஆகியவற்றை மேம்படுத்த உழைத்தார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் அங்கு உருவானது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் அதே 1934-இல்தான்.

1942 போராட்டத்தைத் தொடர்ந்து ஜபல்பூர் சிறையில் அடைக்கப்பட்ட காலத்தில், நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். அது 1945-இல் வெளிவந்தது. சூழலியல் என்னும் சொல் பொதுமக்களிடம் புழங்காத காலத்தில், இயற்கையின் சமநிலையையே பொருளாதாரத்தின் அடித்தளமாகக் கொண்ட நூல் அது. உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாகிறது. மண்புழு நிலத்தைப் புரட்டித் தருகிறது. பறவை கனியை உண்டு விதையைப் பரப்புகிறது. ஒவ்வோர் உயிரும் தன் பசிக்காக உழைக்கும்போதே பிறிதோர் உயிரின் தேவையையும் நிறைவு செய்கிறது. இந்தச் சுழற்சி அறுபடும் இடத்தில்தான் வன்முறை தோன்றுகிறது என்பது அவர் முடிவு.

அந்த அடிப்படையில் பொருளாதார வாழ்வை அவர் ஐந்து படிகளாகப் பகுத்தார். ஆட்டைக் கொன்று வாழும் புலியைப் போன்றது முதற்படி. எதையும் தராமல் தோப்பைச் சூறையாடும் குரங்கைப் போன்றது இரண்டாவது. தேனை எடுத்துக்கொண்டு மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீயின் முயற்சி மூன்றாவது. தனக்கென அன்றிக் கூட்டுக்காகச் சேமிக்கும் அதே தேனீயின் கூட்டுணர்வு நான்காவது. கைம்மாறு கருதாத தாயின் தொண்டு ஐந்தாவது. மனிதன் எந்தப் படியில் நிற்பது என்பதைத் தானே தேர்ந்துகொள்ள முடியும். அதனால்தான் அவனுக்குப் பொறுப்பும் மிகுதி.

நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற எடுக்க எடுக்கக் குறையும் இருப்பையும், நீர், மரம் போன்று மீண்டும் சுரக்கும் வளத்தையும் அவர் வேறுபடுத்தினார். முதலைச் செலவிட்டுவிட்டு அதை வருமானம் என்று எழுதுவதைத் தேர்ந்த தணிக்கையாளர் எவரும் ஏற்கமாட்டார். குமரப்பாவும் ஏற்கவில்லை.

அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், தந்தையின் மானாவாரிக் காட்டுக்கு வரவு செலவுத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். நிலக்கடலையும் துவரையும் ஆமணக்கும் கலந்து விதைத்த நிலம் அது. ஓரத்தில் வெள்வேல மரங்களும், நடுவே மேய்ச்சலுக்கு விட்ட தரிசும், முப்பது ஆடுகள் அடையும் பட்டியும் இருந்தன. ஆடுகளை விற்று, மரங்களை வெட்டி, ஆழ்துளைக் கிணறு தோண்டி ஒரே பயிர் வைத்தால் வருமானம் இரட்டிப்பாகும் என்று காட்டினேன். தந்தை மறுத்துப் பேசவில்லை. படித்த மகனின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

சில ஆண்டுகள் கணக்கு பலித்தது. பிறகு உரச்செலவு ஏறியது, கிணறு வற்றியது, மண் இறுகியது. ஆட்டுப்புழுக்கையின் மதிப்பையும், வெள்வேலங்காய் தீவனமானதையும், பூச்சிகளைத் தின்ற பறவைகளின் உழைப்பையும் என் திட்டத்தில் எங்கும் எழுதவில்லை. விலையில்லாதது என்பதால் மதிப்பற்றது என்று கருதிவிட்டேன். இன்று அந்த நிலத்தில் சீமைக்கருவேலம் வளர்ந்து நிற்கிறது.

குமரப்பா சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இரசாயன உரத்தையும் டிராக்டரையும் அவர் எதிர்த்தார். ஆனால் 1960-களின் உணவுப் பற்றாக்குறையை உரமும் வீரிய விதையும் இன்றிக் கடந்திருக்க முடியுமா என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும், டிராக்டர் சாணம் இடாது என்ற அவரது வாதம் வெறும் பழமைப்பற்று அன்று. புதியது ஒன்றை ஏற்கும்போது, அதனால் இழப்பதையும் செலவில் எழுதுங்கள் என்பதே அதன் பொருள்.

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஆயினும் நாடு தேர்ந்த பாதை வேறு. இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாகக் கழித்தார். காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-இல் மறைந்தார்.

உலகம் மெல்ல மெல்ல அவரிடம் வந்து சேர்ந்தது. 1973-இல் வெளிவந்த தம் நூலில் ஷூமாக்கர் அவரை எடுத்துக்காட்டினார். அவர் பிறந்த நூற்றாண்டான 1992-இல்தான் ரியோ மாநாட்டில் பல்லுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. இந்தியா 2002-இல் உயிரியல் பன்மைச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் அரசுக்காகப் பேராசிரியர் பார்த்தா தாஸ்குப்தா 2021-இல் அளித்த அறிக்கை, இயற்கையைச் சொத்தாகக் கருதி அதன் தேய்மானத்தையும் கணக்கிட வேண்டும் என்று வலியுறுத்தியது. ஒரு தமிழர் சிறையில் இருந்தபடி எழுதியதை எட்டுவதற்கு எங்கள் துறைக்கு முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

பல்லுயிர் வளம் என்பது தொலைதூரக் காட்டில் உள்ள புலியும் யானையும் மட்டுமன்று. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமும், ஏரிக்கரைப் பனையும், மேச்சேரி ஆடும் அதில் அடங்கும். மனைப்பிரிவுக்கோ சாலைக்கோ புறம்போக்கை எடுக்கும் முன், அங்கு எந்தெந்த உயிர்கள் வாழ்கின்றன, அவை ஊருக்கு என்ன தருகின்றன என்று ஒவ்வோர் ஊராட்சியும் எழுதிப் பார்க்க வேண்டும். அச்சட்டத்தின்படி அமைக்கப்படும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இதற்காகவே உள்ளது. அதைச் சடங்காக நிரப்பாமல், ஆடு மேய்ப்பவரையும் பனை ஏறுபவரையும் கேட்டு நிரப்ப வேண்டும். பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்களும் குமரப்பாவை ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. நான் செய்த அந்தப் பிழையை எனக்குப் பின் வருவோரேனும் திருத்தட்டும்.