புள்ள ஸ்கூலுக்குப் போகலைன்னா யார் பொறுப்பு? 1911-லேயே சட்டம் கேட்ட கோகலே!

கோபால கிருஷ்ண கோகலே... காந்தி தன் அரசியல் குருவாக ஏற்றவர். 1866-ல் ரத்னகிரி பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன் சம்பாத்தியத்தில் படிச்சு, புனே ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

எல்லாக் குழந்தைக்கும் படிப்பு கிடைக்கணும்னு, 1911-ல் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். உள்ளாட்சிகள் விரும்பினால், 6 முதல் 10 வயதுச் சிறுவர்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம்.

1912-ல் 38-க்கு 13 என வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. 1915-ல், 48 வயதிலேயே கோகலே மறைந்தார்.

கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 2010-ல்தான். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. இதில் பெற்றோருக்கு அபராதம் கிடையாது. குழந்தையைச் சேர்த்து, படிப்பை முடிக்க வைப்பது அரசின் சட்டக் கடமை.

கோகலே தோற்று 98 வருஷம் கழிச்சு வந்த சட்டத்தில், முதல் பொறுப்பு அரசுக்குத்தான்!