மதுரையை எழுதிய பிளினி

நம்ம மதுரையையும் பாண்டிய மன்னரையும் 1900 வருஷத்துக்கு முன்னாடியே தன் நூலில் குறித்து வைத்தவர் பிளினி என்ற ரோமானியர்.

இத்தாலியில் கோமோ நகரில் பிறந்தார். இயற்கை வரலாறு என்று 37 புத்தகங்கள் எழுதினார். மிசேனம் துறைமுகத்தில் கடற்படைத் தலைவராக இருந்தார். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் வெசூவியஸ் எரிமலை. கி.பி. 62-இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. 79-இலும் பல நாள் பூமி லேசாக ஆடியது. வழக்கம்தானே என்று ஜனங்கள் பயப்படவில்லை.

ஒருநாள் மலைமேல் குடை மாதிரி புகை எழுந்தது. பார்க்கக் கிளம்பிய பிளினிக்கு, காப்பாற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. உடனே பெரிய கப்பல்களை எடுத்தார். சூடான சாம்பலும் கல்லும் விழுந்தும் திரும்பவில்லை. மறுநாள் ஸ்டேபியே கடற்கரையில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 56-ஆவது வயது நடந்தது.

இப்போதும் அந்த மலையைச் சுற்றி லட்சக்கணக்கான பேர் குடியிருக்காங்க. பூமி ஆடினால் கருவிகள் உடனே காட்டிவிடும். நம் நாட்டில் அந்தமான் பாரன் தீவில் எரிமலை இருக்கு. அங்கே யாரும் குடியில்லை.

இதை அப்பத்தாகிட்ட சொன்னேன். கண்மாய்க்கரையில் கசிவு தெரிஞ்சா அன்னைக்கே மண் போடணும், பழகிப்போச்சுன்னு விட்டா ஊருக்குள்ள தண்ணி வந்துரும்னு சொல்லுச்சு. அடையாளம் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம், தோழிகளே!

– 9-ஆம் வகுப்பு மாணவி, கப்பலூர்