சம்பளம் கேட்காத மாலுமி

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்குப் போய்ப் படகு சவாரி செய்திருக்கிறீர்களா? படகில் ஏறுமுன் குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டுவார்கள். நாம் கட்டணம் கொடுப்போம். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நனையாமல் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அதே படகுக்காரர் உங்களைப் பார்த்து, ஒரு வருஷம் கடலுக்கு வாருங்கள், இரவும் பகலும் வேலை செய்யுங்கள், சம்பளம் மட்டும் கேட்காதீர்கள் என்று சொன்னால்?

சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அப்படி ஒருவர் கேட்டார். சும்மா கேட்கவில்லை, பெயர்பெற்ற லண்டன் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். சிறிய படகு, நீண்ட பயணம், ஆள் வேண்டும் என்றார். பணத்தின் மீதும் சுகத்தின் மீதும் யாரும் ஆசை வைக்க வேண்டாம் என்று அந்த விளம்பரத்திலேயே பச்சையாகச் சொல்லிவிட்டார்.

அதற்கும் ஆட்கள் வந்தார்கள்!

அந்த மனிதரின் பெயர் ஹெரால்டு வில்லியம் டில்மன். நண்பர்களுக்கு 'பில்'. நம் நாட்டு இமயமலையில் பெரிய பெயர் எடுத்தவர். கடைசியில் கடலோடு போனவர். அவருடைய கதை இது.

பதினேழு வயதில் பீரங்கி

1898-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக்கு அருகே உள்ள வாலசி என்ற ஊரில் டில்மன் பிறந்தார். தகப்பனார் சர்க்கரை வியாபாரி. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை.

முதல் உலக யுத்தம் மூண்டது. டில்மன் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 18 வயது நிறையும் முன்பே பிரான்சு நாட்டுப் போர்முனைக்குப் போய்விட்டார். காயம் பட்டார். வீரத்துக்காக ராணுவப் பதக்கம் இரண்டு தடவை கிடைத்தது. கூடப் படித்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஆப்பிரிக்காவில் கெனியா தேசத்தில் குலுக்கல் முறையில் நிலம் கொடுத்தார்கள். டில்மனுக்கும் விழுந்தது. 1919-ல் அங்கே போய்க் காட்டை வெட்டிக் காப்பித் தோட்டம் போட்டார். தோட்டத்து மண்ணோடு 14 வருஷம் போயிற்று.

அங்கேதான் எரிக் ஷிப்டன் என்ற வாலிபர் சிநேகிதமானார். இருவரும் சேர்ந்து கெனியா மலையிலும் கிளிமஞ்சாரோவிலும் ஏறினார்கள். 1933-ல் டில்மன் ஊருக்குத் திரும்ப நினைத்தார். கப்பலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவரோ ஒரு சைக்கிளை வாங்கினார்! உகாண்டாவில் ஏறி மிதித்தவர், ஆப்பிரிக்காவை குறுக்கே கடந்து மேற்குக் கடற்கரையில்தான் இறங்கினார். சுமார் 3,000 மைல் தூரம்.

பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் நடுவில்

1934-ல் டில்மனும் ஷிப்டனும் இமயமலைக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் மலையேறப் போகிற வெள்ளைக்காரர்கள் நூற்றுக்கணக்கான கூலியாட்களை வைத்து மூட்டை சுமக்கச் செய்வார்கள். இவர்கள் இரண்டு பேர்; துணைக்கு ஷெர்ப்பாக்கள் மூன்று பேர். அவ்வளவுதான். ஷெர்ப்பாக்கள் உண்டதையே இவர்களும் உண்டார்கள். அவர்களோடு சேர்ந்து இவர்களும் மூட்டை சுமந்தார்கள்.

பத்ரிநாத், கேதார்நாத் கோயில்களைப் பற்றிக் கார்வால் மலை மக்கள் ஒரு கதை சொல்வதுண்டு. முன்னொரு காலத்தில் ஒரே பூசாரி இரண்டு கோயிலிலும் ஒரே நாளில் பூசை செய்தாராம். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் குறுக்கு வழி இருக்கவேண்டுமே! அந்த வழியாகப் போய்ப் பார்க்க இந்த ஐவரும் புறப்பட்டார்கள்.

வழி இருந்தது. ஆனால் அது பூசாரி போகிற வழியாக இல்லை. பனியைத் தாண்டி இறங்கினால் பெரும் பள்ளத்தாக்கு. அடர்ந்த மூங்கில் காடு. விடாத மழை. கையில் இருந்த உணவு தீர்ந்துபோயிற்று. மூங்கில் குருத்தை வேகவைத்துத் தின்றார்கள். அதே குருத்துக்குக் கரடிகளும் போட்டி! ஒருவழியாக ஐந்து பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

நந்தாதேவி என்பது மலை மட்டும் அல்ல, அந்தப் பகுதி மக்களுக்கு அது தெய்வம். சுற்றிலும் மதில் கட்டினாற்போல மலைகள். உள்ளே போவதற்கு ரிஷிகங்கை ஆறு அறுத்துக்கொண்டு வரும் பள்ளம் ஒன்றுதான் வழி. பல பேர் முயன்று தோற்ற அந்தப் பள்ளத்தின் வழியாக, அதே 1934-ல் இவர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்த ஒரு குழு நந்தாதேவிக்கு வந்தது. அதில் டில்மனும் இருந்தார். உச்சிக்குப் போக வேண்டியவர் அவர் அல்ல. ஹூஸ்டன் என்ற அமெரிக்க வாலிபர். டப்பியில் அடைத்த இறைச்சி கெட்டுப்போயிருந்தது. அதைத் தின்ற ஹூஸ்டனுக்கு வயிறு கலங்கிவிட்டது. அவருடைய இடத்துக்கு டில்மன் போனார்.

1936-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி டில்மனும் ஓடெல் என்பவரும் நந்தாதேவியின் உச்சியில் நின்றார்கள். உயரம் 25,643 அடி. அதற்கு முன்பு உலகத்தில் எவரும் அவ்வளவு உயரமான சிகரத்தின் தலையில் கால் வைத்ததில்லை. 1950 வரை அந்தப் பெயர் நின்றது. உச்சியில் இருவரும் ஆரவாரம் செய்யவில்லை. கையைக் குலுக்கிக்கொண்டு இறங்கினார்கள். டில்மன் சுபாவம் அது. பேச்சு மிகக் குறைவு. அவரோடு மாதக்கணக்கில் கூடாரத்தில் படுத்தவர்களே அவர் மனசு தெரியாது என்றுதான் சொல்வார்கள். கலியாணம் செய்துகொள்ளவில்லை.

1938-ல் எவரெஸ்டுக்குப் போன குழுவுக்கு அவர்தான் தலைவர். உச்சியை எட்ட முடியவில்லை. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 40 வயது கடந்தவர். ஆனாலும் மறுபடி ராணுவத்துக்குப் போனார். பாராசூட்டில் அல்பேனியாவிலும், பின்னர் வட இத்தாலியிலும் எதிரிகளின் நடுவே குதித்தார். அங்கே மலைகளில் மறைந்து போராடியவர்களோடு சேர்ந்துகொண்டார். இத்தாலியில் பெல்லூனோ நகரத்து மக்கள் அவரைத் தங்கள் ஊர்க் குடிமகனாகவே ஏற்றுக் கௌரவித்தார்கள்.

ஐம்பத்தாறு வயதில் கடல்

யுத்தத்துக்குப் பிறகு இமயமலை அவரைக் கைவிட்டது. உயரத்தில் மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். டில்மன் பாய்மரப் படகைத் தேடினார்.

1954-ல் 'மிஸ்சீப்' என்ற படகை வாங்கினார். குறும்பு என்று அர்த்தம். அது 1906-ல் கட்டிய கிழப்படகு. துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு வழி காட்டும் மாலுமிகள் முன்பு அதில் போய் வந்தார்கள். நீளம் 45 அடி. பூந்தமல்லி சாலையில் ஓடும் நம்முடைய பஸ்ஸைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, மனிதன் ஏறாத மலைகள் கடலோரத்தில் எங்கே இருக்கின்றன என்று உலகப் படத்தில் பார்த்தார். பனி மிதக்கும் வடகோடியும் தென்கோடியும்தான் கண்ணில் பட்டன.

படகு இருந்தால் போதுமா? பாயை ஏற்ற, இறக்க, இரவில் முறை வைத்துச் சுக்கான் பிடிக்க, சமைக்க, உள்ளே வரும் தண்ணீரை இறைக்க ஆள் வேண்டுமே! அதற்குத்தான் அந்த விளம்பரம். சாப்பாடும் படுக்க ஒரு பலகையும் உண்டு. கப்பல் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்பதில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே வேலை செய்யத் தெரிந்தால் போதும்!

தமிழனுக்குக் கடல் புதிது அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு 1938-லேயே அமெரிக்காவின் கிளவுசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஆனால் கடல் அவர்களுக்குத் தொழில். பரம்பரையாகக் கற்ற வித்தை. டில்மனிடம் வந்தவர்களில் பல பேர் கடலையே அறியாதவர்கள்.

1955-ல் புறப்பட்டு, தென் அமெரிக்காவின் கீழ்க்கோடியில் உள்ள படகோனியாவுக்குப் போனார். படகை அங்கே நிறுத்திவிட்டு, இரண்டு துணைவர்களோடு பனிப்பாலைவனத்தைக் குறுக்கே நடந்து கடந்தார். ஒரு வருஷத்தில் 20,000 மைல் கடல் பிரயாணம் செய்து வீடு திரும்பினார். அது முதல் அநேகமாக ஒவ்வொரு வருஷமும் பயணம்தான்.

1964-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது. தென் சமுத்திரத்தில் ஹேர்டு தீவு என்று ஒரு பனித்தீவு. அங்குள்ள மலையில் ஏற ஆசைப்பட்ட இளைஞர்களுக்குப் 'படானிலா' என்ற பாய்மரக் கப்பலை ஓட்ட ஒருவர் வேண்டும். 66 வயதில் டில்மன் கடல் கடந்து போய்ச் சேர்ந்தார். 1965 ஜனவரியில் அந்த இளைஞர்கள் சிகரத்தை எட்டினார்கள். கிழவர் கப்பலைக் காத்துக்கொண்டிருந்தார்.

கசப்பும் உண்டு

இதை எல்லாம் வீரக்கதையாக மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

சம்பளம் வாங்காதவன் எப்போது வேண்டுமானாலும் இறங்கிப் போகலாம். டில்மனிடமிருந்து பல பேர் அப்படிப் போனார்கள். அவர் படகில் உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி வைத்துக்கொள்ளமாட்டார். தன் விருப்பத்துக்குக் கடலுக்கு வந்தவன், ஆபத்து வந்தால் ஊராரைக் கூப்பிடக் கூடாது என்பது அவர் கொள்கை. அவருக்கு அது சரி. கூட வந்த பையன்களுக்கு? அவர்களுக்கும் வீட்டில் தாய் தகப்பன் இருந்தார்களே!

1966-ல் தென்துருவத்தை ஒட்டிய ஸ்மித் தீவை நோக்கிப் போனபோது, படகில் இருந்த ஒருவர் நடுக்கடலில் விழுந்து மறைந்துபோனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. மாண்டிவிடியோ துறைமுகத்தில் இன்னும் சிலர் விலகிக்கொண்டார்கள். கிடைத்தவர்களை ஏற்றிக்கொண்டு டில்மன் மேலே போனார். ஸ்மித் தீவில் கால் வைக்க முடியாமலே திரும்பினார். அந்தத் தீவு அவர் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

1968-ல் வடகடலில் ஜான் மாயன் தீவின் அருகே 'மிஸ்சீப்' பாறையில் மோதிக் கடைசியில் மூழ்கியது. சொந்த மனிதர் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல டில்மன் துக்கப்பட்டார். அடுத்து 'சீ பிரீஸ்' என்ற படகு வாங்கினார். அதன் ஆட்கள் 1969-ல் மேலே வரமாட்டோம் என்று மறுத்துவிட, படகைத் திருப்ப நேர்ந்தது. 1972-ல் அதுவும் கிரீன்லாந்துப் பாறையில் நொறுங்கியது. ஆட்கள் பாறைமேல் தாவித் தப்பினார்கள். மூன்றாவது படகு 'பரோக்'. 1976-ல் அதுவும் அடிபட்டு ஐஸ்லாந்தில் நின்றது. பிறகு அதை விற்றுவிட்டார்.

வேல்ஸ் நாட்டில் பார்மவுத் என்ற ஊரில் அவருக்கு ஒரு வீடு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சகோதரி அடிலின் 1974-ல் காலமானார். வீட்டில் கிழவர் ஒருவர்தான். படகும் இல்லை. வயது 79.

தலைவர் தொண்டரானார்

அப்போது சைமன் ரிச்சர்ட்சன் என்ற வாலிபர் வந்தார். முன்பு டில்மனுடைய படகில் சம்பளம் இல்லாமல் வேலை செய்தவர். பழைய இழுவைக் கப்பல் ஒன்றை வாங்கி, அதற்குப் பாய்மரம் பூட்டி, 'என் அவான்' என்று பெயர் வைத்திருந்தார். முன்னேறு என்று அர்த்தம். எங்கே பயணம்? அதே ஸ்மித் தீவுக்கு! நீங்களும் வாருங்கள் என்று டில்மனை அழைத்தார்.

டில்மன் சம்மதித்தார். தலைவராக அல்ல, கப்பல் ஆட்களில் ஒருவராக. இருபது வருஷம் பிறரைச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு அழைத்தவர், தம்மிடம் வேலை கற்ற பையனுக்குக் கீழே தாமே அப்படிப் போனார். பழைய ஆட்களில் அவரை விட்டு இறங்கிப்போனவர்கள்கூட இந்தச் செய்தி கேட்டபோது அவரை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1977 ஆகஸ்டில் சவுதாம்டன் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி ரியோ டி ஜெனிரோ நகரத்துக்கு நலமாகப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து டில்மன் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்.

நவம்பர் 1-ந் தேதி 'என் அவான்' ரியோவை விட்டு, பாக்லாந்து தீவுகளை நோக்கிக் கிளம்பியது. அங்கே வந்து சேரவில்லை. நவம்பர் போயிற்று. கிறிஸ்துமஸ் வந்தது. செய்தி இல்லை. கப்பலும் இல்லை, ஆட்களும் இல்லை. என்ன நடந்தது என்று இன்று வரை எவருக்கும் தெரியாது.

ஸ்மித் தீவின் அந்த உச்சியில் மனிதர்கள் கால் வைத்தது 1996-ல்தான்.

டில்மனின் பிறந்த நாளை அந்தத் தீவில் கொண்டாடுவதாக ஏற்பாடு. 1978-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி வந்தது. அன்று அவருக்கு 80 வயது நிறைந்திருக்கும்.