கருகிய ஸ்டுடியோவை ஏலத்தில் எடுத்தார்! சொத்தை அடகு வைத்துப் படத்தை முடித்தார்!

ஜெமினி வாசன் வாழ்க்கை

சென்னை அண்ணாசாலையில் 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் எந்த பஸ் கண்டக்டரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஜெமினி என்றுதான் சொல்வார். ஆட்டோக்காரரும் அப்படித்தான்.

பாலத்தின் பக்கத்தில் இருந்த ஜெமினி ஸ்டுடியோ மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. அங்கே இப்போது நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. பெயர் மட்டும் போகவில்லை.

அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தவர் பட அதிபர் எஸ்.எஸ்.வாசன். தஞ்சைச் சீமையில் உள்ள திருத்துறைப்பூண்டிக்காரர். சின்ன வயசிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார்தான் பையனைப் படிக்க வைக்க சென்னைக்குக் கூட்டி வந்தார். பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் கிடையாது. வாலிபனானதும் விளம்பரத் தொழிலில் இறங்கினார்.

எழுத்துக்கு ரூ.25

1928-ல் ஒரு பத்திரிகை நடத்த முடியாமல் தள்ளாடியது. அதை வாசன் 200 ரூபாய்க்கு வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் கணக்கு என்று சொல்வார்கள். அதுதான் ஆனந்த விகடன். எண்ணிப் பாருங்கள், சரியாக 8 எழுத்து வரும்!

குறுக்கெழுத்துப் போட்டி வைத்து விற்பனையைக் கூட்டினார். கல்கியை ஆசிரியராக்கினார். வாசன் எழுதிய சதிலீலாவதி என்ற கதை 1936-ல் படமாக வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் தலைகாட்டிய படம் அதுதான்.

தீ

டைரக்டர் கே.சுப்பிரமணியம் நடத்திய ஸ்டுடியோ ஒன்று மவுண்ட்ரோட்டில் இருந்தது. அது தீப்பிடித்து எரிந்து, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. கருகிக் கிடந்த இடத்தைத் துணிந்து எடுத்தவர் வாசன். ஜெமினி என்று பெயர் வைத்தார். ஜெமினி என்றால் மிதுன ராசி, இரட்டையர். படம் தொடங்கும்போது இரட்டைக் குழந்தைகள் கொம்பு ஊதுவது அதனால்தான். அவருக்குக் குதிரைப் பந்தயத்தில் பிரியம் உண்டு. இந்தப் பெயர் ஒரு குதிரையின் பெயர் என்றும் பேச்சு உண்டு.

1941-ல் மதனகாமராஜன் வந்தது. அடுத்து நந்தனார், மங்கம்மா சபதம் என்று வரிசையாக வந்தன. காசும் வந்தது.

அடகு

வந்த காசை எல்லாம் விழுங்க ஒரு படம் காத்திருந்தது. அதுதான் சந்திரலேகா.

5 வருஷம் இழுத்தது. பாதியில் டைரக்டர் ஆச்சார்யா விலகிக்கொண்டார். அதுவரை ஒரு படம்கூட டைரக்ட் செய்யாத வாசன் தானே அந்த வேலையையும் ஏற்றார். நிஜ சர்க்கஸ் கம்பெனிகளையே கொண்டுவந்து இறக்கினார்.

எல்லாவற்றையும் தூக்கி அடித்தது முரசு நடனம். வில்லன் ரஞ்சனைக் கல்யாணம் செய்ய ராஜகுமாரி சம்மதிப்பதுபோல் நடிப்பார். கோட்டைக்குள் ராட்சச முரசுகள் வரிசையாக நிற்கும். அதன் மேல் பெண்கள் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசைப் பிளந்துகொண்டு வீரர்கள் வாளோடு பாய்வார்கள்! 400 பேர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். அந்த ஒரு காட்சிக்கே 5 லட்சம் ஆனது என்பார்கள்.

மொத்தச் செலவு 30 லட்சம். 1940-களின் 30 லட்சம்! இதற்காக வாசன் சொத்துகளை அடகு வைத்தார். நகைகளையும் விற்றார். படம் விழுந்திருந்தால் ஸ்டுடியோவுக்கு மறுபடியும் ஏலம்தான்.

1948 ஏப்ரலில் படம் வந்தது. கூட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் போட்ட பணம் திரும்பவில்லை.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். வாசன் சில காட்சிகளை மாற்றி, சேர்த்து, அதே வருஷம் டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். விளம்பரத்துக்குப் பணத்தைத் தண்ணீராக இறைத்தார். வடக்கே படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சென்னையில் எடுத்த படத்துக்கு வடநாட்டுத் தியேட்டர்களில் கதவைத் திறந்துவிட்டதே சந்திரலேகாதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு இந்தியிலும் அடிக்கடி எடுத்தார். 1955-ல் இன்சானியத் படத்தில் திலீப்குமாரையும் தேவ் ஆனந்தையும் சேர்த்தே நடிக்க வைத்தார். தமிழில் அவ்வையார், வஞ்சிக்கோட்டை வாலிபன். ஜெமினி கணேசன் பெயரில் ஒட்டிக்கொண்ட ஜெமினியும் இந்த ஸ்டுடியோதான். அவர் முதலில் அங்கே மாதச் சம்பள ஊழியர். எழுத்தாளர் அசோகமித்திரனும் அங்கே வேலை பார்த்தவர்தான்.

1968-ல் எம்.ஜி.ஆரின் 100-வது படம் ஒளிவிளக்கு. அதுவும் ஜெமினி படம். முதல் படத்துக்குக் கதை, நூறாவது படத்துக்குத் தயாரிப்பு!

1969-ல் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. அப்போது ராஜ்யசபை உறுப்பினராகவும் இருந்தார். அதே வருஷம் ஆகஸ்டு 26-ந்தேதி காலமானார். சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975-ல். அதை அவர் பார்க்கவில்லை. பாலத்தையும் பார்க்கவில்லை.