எல்லீசரும் அம்மைப்பாலும்

நம் நாட்டிற்கு அலுவல் நிமித்தம் வந்த ஆங்கிலேயருள் தமிழுலகம் நன்றியோடு நினைப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழர் அவரை எல்லீசர் என அன்புடன் வழங்கினர்.

1796ஆம் ஆண்டில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் எழுத்தராக அமர்ந்தார். அதே ஆண்டு மே 14ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர் அரியதொரு சோதனை செய்தார். பசுவின் மடியில் தோன்றும் அம்மை, பால் கறப்போர் கைகளிலும் தொற்றுவதுண்டு. சில கொப்புளங்களோடு அது ஆறிவிடும். அவ்வாறு தொற்றியவரைப் பெரியம்மை அணுகுவதில்லை என்பதை ஜென்னர் அறிந்தார். ஆகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பசு அம்மையைக் குத்தினார். பின்னர்ப் பெரியம்மைச் சீழைச் செலுத்தியும் அவனுக்கு அந்நோய் வரவில்லை. இரு நோய்க்கும் காரணமான நச்சுயிரிகள் ஓரினத்தவை. எளிய பகையோடு பொருது பழகிய உடல், கொடிய பகையையும் இனங்கண்டு வெல்கிறது.

1802இல் அம்மைப்பால் சென்னைக்கு வந்தது. ஆயினும், பெரியம்மையைத் தெய்வத்தின் வருகையாகக் கருதிய மக்கள் அதனை ஏற்கத் தயங்கினர். தயங்கிய வீடுகளில் குழந்தைகள் மடிந்தன. பிழைத்தவருள் சிலர் கண்ணிழந்தனர்.

எல்லீசர் அம்மக்களை இகழ்ந்தாரல்லர். அம்மைப்பாலின் பெருமையைத் தேவியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு நூல் எழுதினார். பசுவைப் போற்றும் மக்களுக்குப் பசு தரும் காப்பினை அவர்கள் மொழியிலேயே உணர்த்த முயன்றார். கதை கற்பனையே; அது காட்டிய மருந்தோ மெய்.

1810இல் சென்னைக் கலெக்டரான அவர், 1812இல் சென்னைக் கல்விச் சங்கம் தோன்றக் காரணமானார். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் வரைந்தார். செங்கற்பட்டு உள்ளிட்ட தொண்டைமண்டலத்தின் மிராசுரிமையை ஆராய்ந்தார். 1819இல் இராமநாதபுரத்தில் காலமானார். அச்சேறாத அவர் எழுத்துகள் பல அழிந்துபட்டன.

அவர் விரும்பிய பணியோ அழியவில்லை. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கிண்டியில் கிங் நிலையம் எழுந்தது. அங்குக் கன்றுகளின் தோலில் அம்மைப்பால் வளர்த்தெடுக்கப்பட்டது. மாமல்லபுரக் கடற்கரையை உள்ளிட்ட அம்மாவட்டத்திற்கும், மாகாணத்தின் பிற பகுதிகளுக்கும் அது பயன்பட்டது. 1980இல் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நோயை வெல்ல மருந்து வேண்டும். அம்மருந்தை மக்கள் ஏற்க அன்பு வேண்டும். எல்லீசர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.