கேட்போரை மாற்றிய இதழாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்

தொல்காப்பியர் செய்யுளியலில் உறுப்புகளைத் தொகுத்துரைக்குங்கால் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றையும் செய்யுளுக்குரிய உறுப்புகளாகவே கொண்டார். சொல்லும் பொருளும் சொல்வோனும் மட்டும் அமைந்தால் போதாது. கேட்பவர் யார் என்பதும் ஆக்கத்தின் ஓர் உறுப்பே என்பது அவர்தம் கொள்கை. இன்று தகவல் தொடர்பியல் முதற்பாடமாகக் கற்பிக்கும் இவ்வுண்மையைத் தம் வாழ்வில் பட்டறிந்து, கேட்போரை மாற்றிக்கொண்டதன் வாயிலாகத் தமிழ் இதழியலுக்குப் புதுவழி கண்டவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

ஆசிரியர் இதழாசிரியரானார்

இவர் 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர் அவ்வூர் நீதிமன்றத்தில் வழக்குரைத்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த சுப்பிரமணியர் தஞ்சையில் பயின்று, சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியாசிரியரானார்.

1878இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் அதனைக் கடிந்தெழுதின. மறுமொழி கூற இந்தியர்க்கு ஓர் ஏடு இல்லை. சுப்பிரமணிய ஐயரும் அவர் நண்பர் மு. வீரராகவாச்சாரியாரும் சட்டம் பயின்ற இளைஞர் நால்வரும் கூடி ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ‘தி இந்து’ என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். முதல் இதழில் அச்சானவை 80 படிகளே. ஆசிரியப் பொறுப்பேற்ற ஐயருக்கு அப்போது அகவை 23. அவ்விதழ் 1883இல் வாரம் மும்முறை வெளிவரலாயிற்று. 1889 ஏப்ரல் முதல் நாளிதழாயிற்று.

1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுப் பேரவையில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவரே. இந்திய ஆட்சிமுறையை ஆராய ஒரு குழு வேண்டும் என்பது அத்தீர்மானம்.

இரு மொழி, இரு அவை

ஆங்கில இதழின் குரல் கோட்டைக்குக் கேட்டது; கற்றறிந்த சிலர்க்கும் கேட்டது. வரி செலுத்திய உழவர்க்கும் நெசவாளர்க்கும் கேட்டிலது. ஆள்வோரிடம் குறையைக் கூறுதல் வேறு, குறையுடையாரிடமே அதன் காரணத்தை விளக்குதல் வேறு என்பதை ஐயர் உணர்ந்தார். ஆங்கில இதழை நடத்திக்கொண்டே 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார்.

வரவு செலவுத் திட்டம், உப்புவரி, நிலவரி, சட்டமன்றம் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் நாள்தோறும் எழுதுதற்கு ஏற்ற உரைநடை அன்று உருப்பெறவில்லை. சொற்களைத் தேடியும் வடசொற்களைக் கடன்கொண்டும் ஆங்கிலச் சொற்களை அவ்வாறே பெயர்த்தெழுதியும் அவ்விதழ் தன் நடையை அமைத்துக்கொண்டது. இன்றைய தூயதமிழ் அளவுகோல் கொண்டு நோக்குவார்க்கு அந்நடை கரடுமுரடாகத் தோன்றலாம். எனினும் அரசியலையும் பொருளியலையும் தமிழில் பேசமுடியும் என்பதனை அந்நடையே மெய்ப்பித்தது.

சொல்லும் செயலும்

கைம்பெண் மறுமணத்தை எழுத்தில் ஆதரித்தோர் அந்நாளில் பலர். தம் இல்லத்தில் நிகழ்த்தியோர் மிகச் சிலர். ஐயர் 1889இல் இளமையிலேயே கணவனை இழந்த தம் மூத்த மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். உறவினரும் சாதியாரும் அவரை ஒதுக்கினர். அவருடைய சீர்திருத்தக் கருத்துகள் ஆங்கில இதழின் வாசகர் பலர்க்கும் உவப்பாக இல்லை. பணமுடையும் கூட்டாளியோடு கருத்து வேறுபாடும் சேர, 1898இல் தாம் வளர்த்த ‘தி இந்து’வை விட்டு நீங்கினார்.

அவரிடம் எஞ்சியது தமிழ் இதழ். அதனை 1899இல் நாளிதழாக்கினார். இழப்பு என்று பிறர் கருதிய இந்நிகழ்ச்சியே அவர் முழு ஆற்றலையும் தமிழின்பால் திருப்பியது. தமிழ் மாவட்டங்களுக்குச் சென்று பொதுக்கூட்டங்களிலும் தமிழிலேயே உரையாற்றினார். அரசியல் மேடை என்றால் ஆங்கில மேடை என்றிருந்த காலம் அது.

பாரதி வந்த வாயில்

1904இன் இறுதியில் மதுரையிலிருந்து சி. சுப்பிரமணிய பாரதியை அழைத்துவந்து துணையாசிரியராக்கினார் ஐயர். ஆங்கிலச் செய்திகளையும் தலைவர்தம் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது பாரதியின் பணி. அப்பயிற்சியில் உலக நிகழ்ச்சிகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை எளிய தமிழில் சொல்லும் திறனும் வந்தது. 1905இல் வங்கத்தை வாழ்த்தி அவர் பாடிய பாடலும் சுதேசமித்திரனிலேயே வெளிவந்தது. அரசவையினின்று வந்த கவிஞன் நாளிதழின் வழியே பொதுமக்களாகிய அவையைக் கண்டான் எனலாம். சுதேசமித்திரனினும் விரைந்து செல்ல விரும்பிய பாரதி, 1906இல் ‘இந்தியா’ இதழுக்குச் சென்றார்.

இறுதி ஆண்டுகள்

1908இல் சுதேசமித்திரனில் வந்த கட்டுரைகளுக்காக அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்று, உடல்நலம் கருதிக் குற்றாலத்தில் தங்கியிருந்த ஐயர் கைதுசெய்யப்பட்டார். கடுந்தோல்நோயால் நலிந்திருந்த அவர் அரசுக்கு உறுதிமொழி அளித்து விடுதலை பெற்றார். அவ்வாண்டிலேயே வ. உ. சிதம்பரனார் கடுஞ்சிறை புகுந்தார்; அவரோடு ஒப்பிட்டு ஐயரைத் தளர்ந்தவர் எனக் கூறுவாரும் உளர். அத்தளர்ச்சியை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் முப்பதாண்டு உழைப்பை அவ்வொரு நிகழ்ச்சியால் மட்டும் எடைபோடுதல் நடுவுநிலை ஆகாது.

நோய் முற்றிய நிலையில் 1915இல் சுதேசமித்திரன் ஏ. ரங்கசாமி ஐயங்கார் பொறுப்பிற்குச் சென்றது. மறு ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் ஐயர் மறைந்தார். பாரதி 1920இல் மீண்டும் அவ்விதழுக்கே வந்து, தம் இறுதி நாள்வரை அதில் எழுதினார்.

பொருள் பெரிதாயினும் கேட்போரைக் கருதாத கூற்று அவையேறாது. ஆள்வோர் மொழியில் பெற்ற புகழோடு நின்றுவிடாது, தம் மக்களின் மொழியில் முதலிலிருந்து தொடங்கியதே ஐயரின் அருஞ்செயல். நாம் யார் கேட்க எழுதுகிறோம் என்று வினவிக்கொள்ளும் கவிஞர்க்கு அவ்வாழ்வு ஒரு விடையாகும்.