உலகைப் படமாக்கிய ஆசிரியர் கொமீனியஸ்

கல்வி கண்ணைத் திறக்கும் என்பர் பெரியோர். அக்கல்வியைக் கண்ணின் வழியாகவே ஊட்டலாம் என்று செய்து காட்டிய ஆசிரியர் ஒருவர் உண்டு. அவரே ஜான் ஆமோஸ் கொமீனியஸ். கல்வியியல் நூல்களில் அவர் பெயரை நான் முன்பே கண்டிருக்கிறேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தும் போனேன். மீண்டும் அவரைத் தேடிப் படிக்கத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் செங்கல் சூளை வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். தமிழ் அறியாததால் மூன்று நாளும் மூலையிலேயே அமர்ந்திருந்தான். நான்காம் நாள் நான் ஒரு படப் புத்தகத்தை விரித்தேன். பிள்ளைகள் தலையோடு தலை முட்டச் சூழ்ந்துகொண்டனர். ஒரு படத்தைக் கண்டதும் அச்சிறுவன் விரலை நீட்டித் தன் மொழியில் ஒரு சொல் சொன்னான். அது காக்கையின் படம். மற்றப் பிள்ளைகள் முதலில் சிரித்தனர்; பிறகு அவன் சொன்ன சொல்லை அவர்களும் சொல்லிப் பார்த்தனர். அன்று முதல் அவன் மூலையில் அமரவில்லை. ஒரு படத்திற்கு இத்தனை ஆற்றலா என்று வியந்து தேடியபோதுதான் கொமீனியஸின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

இளமையும் கல்வியும்

இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியான மொராவியாவில் 1592 மார்ச் 28 அன்று அவர் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் பெற்றோரை இழந்தார். உறவினர் ஆதரவில் வளர்ந்த அவருடைய படிப்பில் எவரும் அக்கறை கொள்ளவில்லை. இலத்தீன் பள்ளியில் சேரும்போது அவருக்கு வயது 16. தம்மினும் இளைய சிறுவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து இலக்கண விதிகளை உருப்போட்டார். பொருள் விளங்காத சொற்களும் ஓயாத பிரம்படியுமே அக்காலப் பள்ளியின் இயல்பு. அத்தகைய பள்ளிகளைப் பிள்ளைகளின் அறிவைப் பலியிடும் இடங்கள் என்றே பிற்காலத்தில் அவர் கடிந்தார். காலம் கடந்து பள்ளிக்கு வந்ததால்தான், மாணவன் படும் துன்பத்தை வளர்ந்தவன் கண்கொண்டு காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது எனலாம்.

பின்னர் செருமனியில் ஹெர்பார்ன், ஹைடல்பர்க் ஆகிய இடங்களில் உயர்கல்வி பெற்றுத் தாயகம் திரும்பி ஆசிரியரானார். 1616-இல் தம் சமயப் பிரிவாகிய சகோதரர் ஐக்கியத்தின் குருவானார். 1618-இல் ஃபுல்னெக் என்னும் ஊரில் சமயப் பணியும் பள்ளிப் பொறுப்பும் ஏற்றார்.

போரும் துயரும்

அதே ஆண்டில்தான் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1621-இல் படைகள் ஃபுல்னெக்கைக் கொள்ளையிட்டன. வீடும் நூல்களும் பறிபோயின. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் அவருடைய மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டு சென்றது. கத்தோலிக்கர் அல்லாதார் நாட்டில் இருக்கலாகாது என்ற ஆணை பிறந்தது. 1628-இல் அவர் போலந்து நாட்டின் லெஷ்னோ நகருக்கு அகதியாகச் சென்றார். அதன்பின் தாய்மண்ணில் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவேயில்லை.

இத்தனை இழந்தவர் கசப்பில் அமிழ்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ பள்ளியைப் பற்றிச் சிந்தித்தார். பகை கொண்டு மோதும் மக்களைத் திருத்த வேண்டுமானால், அவர்களைச் சிறுவராக இருக்கும்போதே ஒரே கூரையின் கீழ் அமர்த்த வேண்டும் என்பது அவர் துணிபு. பெருங்கல்வி நூல் என்று நாம் பெயரிடத்தக்க தம் படைப்பில், ஆணும் பெண்ணும், செல்வரும் ஏழையும், நகரத்தாரும் சிற்றூராரும் பள்ளிக்கு வர வேண்டும் என்று வாதிட்டார். மந்த புத்தியுள்ள பிள்ளைக்கே ஆசிரியரின் துணை மிகுதியாகத் தேவை என்றார். பாடத்திற்காகப் பிள்ளையை அடிக்கலாகாது என்றார். வகுப்பைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாணவத் தலைவனை வைக்கவும், வகுப்பறைச் சுவர்களில் பாடத்தின் படங்களை மாட்டவும் வழி கூறினார். இவையெல்லாம் நமக்கு இன்று பழகிப்போன செய்திகள். பதினேழாம் நூற்றாண்டிலோ பெரும் புதுமை.

1631-இல் வெளிவந்த அவருடைய இலத்தீன் மொழிப் பாடநூல் ஐரோப்பா எங்கும் அவர் புகழைப் பரப்பியது. 1641-இல் இங்கிலாந்து அவரை அழைத்தது. அங்கும் உள்நாட்டுப் போர் மூளவே, அவர் கருதிய கல்விப் பணி கைகூடவில்லை. பின்னர் சுவீடனுக்காகப் பாடநூல்கள் எழுதினார். 1648-இல் போர் ஓய்ந்தது. ஆனால், சமாதான உடன்படிக்கை அவருடைய மக்கள் தாயகம் திரும்ப வழி செய்யவில்லை.

படநூல் பிறந்த கதை

1650-இல் அங்கேரியின் சாரோஷ்பட்டாக் நகரப் பள்ளியைச் சீர்திருத்த அழைப்பு வந்தது. ஏழு வகுப்புகள் கொண்ட பள்ளியை அவர் திட்டமிட்டார், மூன்றே நடைபெற்றன. ஆர்வமின்றிச் சோர்ந்திருந்த மாணவர்களை எழுப்ப, தம் பாடநூலையே எட்டு நாடகங்களாக மாற்றி அவர்களை நடிக்கச் செய்தார். அங்குதான் அவர் கருத்தில் படநூலும் உருவாயிற்று. படங்களைச் செதுக்க அவ்வூரில் தக்க கலைஞர் இல்லை. எழுதியதைச் செருமனியின் நியூரம்பர்க் நகருக்கு அனுப்பினார். 1658-இல் ஓர்பிஸ் பிக்டஸ் வெளிவந்தது. படத்தில் காணும் உலகம் என்பது அப்பெயரின் பொருள்.

அந்நூலின் அமைப்பைச் சிறிது காண்போம். 150 பாடங்கள், பாடந்தோறும் மரத்தில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண் கீழேயுள்ள பாடத்தில் அப்பொருளின் பெயரருகே இருக்கும். இலத்தீன் ஒருபுறம், செருமன் மறுபுறம். மாணவன் எண்ணைத் தொட்டுப் பொருளைக் காண்பான். பொருளிலிருந்து சொல்லுக்கு வருவான். வானம், நெருப்பு, பறவை, மனித உடல் எனத் தொடரும் அவ்வுலகில் தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் சமையற்காரரும் இடம் பெற்றனர். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை தன் தந்தையின் தொழிற்கருவியைப் பாடநூலிலே கண்டான்! பள்ளியின் படமும் அதிலுண்டு. அதில் பாடம் கேட்காமல் பேசும் பிள்ளைகளும் இருக்கின்றனர், பிரம்பும் இருக்கிறது. உள்ளதை மறைத்து அவர் எழுதவில்லை.

பிள்ளைகள் விரும்பினால் அப்படங்களைத் தம் கையால் வரைந்து பழக விடுங்கள் என்றும், இயன்றவரை உண்மைப் பொருளையே காட்டுங்கள் என்றும் ஆசிரியர்களுக்கு அறிவுரை கூறினார். மறு ஆண்டே ஆங்கிலப் பதிப்பு வந்தது. பின்னர் நான்கு மொழிகளை அருகருகே கொண்ட பதிப்புகளும் தோன்றின. செருமானியக் கவிஞர் கதே சிறுவயதில் பயின்ற நூல்களுள் இதுவும் ஒன்று.

இறுதிக் காலம்

அவரும் குறையற்றவர் அல்லர். தீர்க்கதரிசிகள் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட சிலரை அளவுக்கு மீறி நம்பி, அவர்கள் கூற்றுகளை அச்சிட்டு நகைப்புக்கு உள்ளானார். போலந்தின் மீது படையெடுத்த சுவீடன் மன்னரைப் போற்றி எழுதினார். அது பகையை வளர்த்தது. 1656-இல் லெஷ்னோ எரிந்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொகுத்து வந்த செக் மொழி அகராதியும் தீக்கு இரையாயிற்று. அறுபத்து நான்கு வயதில் மீண்டும் அகதியாகி ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தார். 1670 நவம்பர் 15 அன்று அங்கே மறைந்தார். நார்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த நாளையே செக் நாடும் சுலோவாக்கியாவும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றன.

நண்பர்களே! வீட்டை இழந்தவர், நாட்டை இழந்தவர், மக்களை இழந்தவர், வாழ்நாள் உழைப்பையும் இழந்தவர், உலகம் முழுவதையும் ஒரு நூலில் அடக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சென்றார். எழுத்து, கற்றவனையும் கல்லாதவனையும் பிரிக்கிறது. மொழி, ஊரானையும் அயலானையும் பிரிக்கிறது. படத்தின் முன் அனைவரும் ஒன்றாக அமர முடிகிறது. முதற்பாடம் அங்கிருந்து தொடங்கினால், பிறகு வரும் எழுத்தும் மொழியும் எல்லோர்க்கும் பொதுவாகும்.

அந்நூலின் தொடக்கத்தில் எழுத்துகளைக் கற்பிக்கும் பக்கம் ஒன்று உண்டு. முதலெழுத்தின் ஒலியைக் காட்ட அவர் தேர்ந்த உயிர் எது தெரியுமா? கரைகின்ற காக்கை! அதைப் படித்தபோது சூளைச் சிறுவனின் நீட்டிய விரல் என் கண்முன் வந்து நின்றது. நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். நம் வகுப்பின் மூலையிலும் ஒரு பிள்ளை பேசாமல் அமர்ந்திருக்கக்கூடும். கரும்பலகையில் எழுதத் தொடங்கும் முன், அப்பிள்ளைக்கும் தெரிந்த ஒரு படத்தை நாம் விரித்துக் காட்டுவோமாக.